காண்டோவின் கூரையும் நம் ஊர் ஓடும்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஐப்பசி மழைக்குப் பிறகும் சுவரில் ஓதம் ஏறாத வீடு யாருடையது, கையைத் தூக்குங்கள் பார்ப்போம். மூன்று பேர். சரி. முப்பது வருஷமாக இந்த மலையில் வீடு கட்டுகிறேன். கோயம்புத்தூர் வெயிலுக்குப் போட்ட பிளானை அப்படியே மேலே கொண்டுவந்து, ஜேசிபியை விட்டுச் சரிவை வெட்டி, மொட்டைமாடி போட்டுவிட்டு, அப்புறம் வருஷா வருஷம் பூஞ்சையைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம். அதனால்தான் இன்றைக்கு வேறு ஊர்க் கட்டடங்களைப் பற்றிப் பேச வந்தேன்.

ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்று ஒரு நாடு, அங்கே காண்டோ என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பையன் பிரான்சிஸ் கேரே. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டை விட்டு வெளியூர் போய்ப் படித்தவர். பிறகு பெர்லினில் கட்டடக்கலை படிக்கும்போதே பணம் திரட்டி, 2001இல் தன் ஊருக்கு ஒரு பள்ளி கட்டி முடித்தார். கண்ணாடி மாளிகை கட்டவில்லை. ஊர்க் களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து கல் அறுத்தார்கள், ஊர் ஜனங்களே கல்லும் தண்ணீரும் சுமந்தார்கள். கூரையில்தான் விஷயமே இருக்கிறது. தகரத்தை நேராகத் தலைக்கு மேல் போட்டால் அந்த வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள் இல்லையா, அதனால் முதலில் இடைவெளி விட்டு மண்கல் மச்சு, அதற்கு மேலே கம்பியில் சட்டம் கட்டி உயரத்தில் தகரம். வகுப்பில் சூடாகும் காற்று இடைவெளி வழியாக மேலே ஏற, நடுவில் ஓடும் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மின்விசிறி தேவையில்லை. 2022இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள், அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர்.

சிலி நாட்டுக் கட்டடக் கலைஞர் அரவேனாவும் எனக்குப் பிடித்தவர். இகிகே ஊரில், ஏழைகள் வீடு கட்ட, நிலத்துக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் அரசு மானியம். முழு வீட்டுக்குப் பணம் பத்தாது என்றதும், மாடிப்படி, சமையலறை, குளியலறையோடு பாதி வீட்டை உறுதியாகக் கட்டி, மீதிக்கு இடம் விட்டார். கையில் காசு வர வர குடும்பங்களே கட்டிக்கொண்டன.

நமக்கு இவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். நம் மலைப் பழங்குடிகளான தோடர்களின் மந்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், பழைய வீட்டைப் பாருங்கள், மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த கூரை தரை வரைக்கும் இறங்குகிறது. மழை நிற்க இடமே இல்லை, குளிர்காற்று நுழையாதபடி தவழ்ந்து போகும் அளவுக்குத்தான் வாசல். நம் மொட்டைமாடியில் தண்ணீர் குளமாக நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வருகிறது.

கடைசியாக ஒன்று. சீனாவில் வாங் ஷூ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 2008இல் திறந்த நிங்போ அருங்காட்சியகத்தின் சுவரெல்லாம், சுற்றுவட்டாரத்தில் இடித்த கிராமங்களின் பழைய ஓடும் செங்கல்லும். இங்கே பழைய வீட்டை இடித்தால் மங்களூர் ஓட்டை ஓடையில் கொட்டுகிறோம். கொட்டாதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நானே வண்டி கொண்டுவருகிறேன். அடுத்த மாதம் ஆரம்பிக்கிற வீட்டுக்கு இரண்டாயிரம் ஓடு வேண்டும், சரிவான கூரை.