முழு மனதோடு ஒரு வேலை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வாழ்க்கையைத் தீவிரமாக வாழ்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவமனையில் பல வருடம் தாதியாக இருந்தவள். அதனால் மரணப் படுக்கைக் கதை சொல்லி உங்களைக் கலங்கடிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி.

பெரிய சிகிச்சை முடிந்து கிளம்புகிறவர்கள், "சிஸ்டர், இனிமேல் ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டேன்" என்பார்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கைப்பேசியை நீட்டிப் படம் காட்டுவார்கள். பாலி, பெர்த், ஜப்பானில் பனி. பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களில் சிலர் அதற்கடுத்த முறை வரும்போது, "எல்லாம் பார்த்தாச்சு, அப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியலை" என்று உட்கார்ந்திருப்பார்கள். புதுப்புது அனுபவங்களைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் தீவிரமான வாழ்க்கை என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். விமான டிக்கெட் விற்பவர்களாக இருக்கலாம்!

ஊர் சுற்றாதவர்களுக்கு நம் சிங்கப்பூர் வேறொன்றை வைத்திருக்கிறது: பரபரப்பு. பிள்ளைக்குப் பள்ளி முடிந்தால் துணைப்பாடம், அது முடிந்தால் நீச்சல். அப்பா எம்ஆர்டி ரயிலில் நின்றபடி அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறார். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு நாளைய கூட்டத்தை யோசிக்கிறார். நாள் முழுக்க நிரம்பித்தான் கிடக்கிறது. ஆனால் யாரும் அவரவர் இருக்கிற இடத்தில் இல்லை.

2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, நினைத்த நேரத்தில், "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 விழுக்காடு, மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்து மனம் அலைந்தாலும், செய்கிற வேலையிலேயே இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் இதற்கு முன்பே வேலை செய்பவர்களிடம் பேஜர் என்ற சிறு அழைப்புக் கருவியைக் கொடுத்து இப்படி ஆராய்ந்தவர். எப்போது மனிதர் ஒன்றில் முழுதாகக் கரைந்துபோகிறார் என்பது அவர் கேள்வி. வேலை நம் திறமைக்குச் சற்றே சவாலாக இருக்க வேண்டும். ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் பதற்றம். செய்வது சரியா தவறா என்பதும் அப்போதைக்கப்போதே தெரிய வேண்டும். 1989இல் வந்த அவருடைய ஆய்வில் இன்னொரு வேடிக்கை. இப்படி ஆழ்ந்துபோகும் நேரம் ஓய்வு வேளையைவிட வேலையில்தான் அதிகம் கிடைத்தது. அப்படியிருந்தும், வேலையில் இருக்கும்போது வேறெதையாவது செய்யலாமே என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது. இரவுப் பணி பார்த்த தாதியர் யாரைக் கேட்டாலும் இதற்குத் தலையாட்டுவார்கள்.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடை. கேமராக்கள் எல்லாம் அலகையும் காவடியையும்தான் தேடும். பார்ப்பவர்களுக்கு அதுதான் தீவிரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முன்னால் காவடி எடுப்பவர் விரதம் இருக்கிறாரே, அந்த நாட்களைப் பாருங்கள். மதிய உணவு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்கள் சிக்கன் ரைஸ் சாப்பிட, இவர் பக்கத்திலேயே தயிர்சாதத்தைத் திறக்கிறார். இரவு தரையில் படுக்கிறார். படமெடுக்க யாரும் வருவதில்லை. பூச நாளின் உறுதி அங்கேதான் உருவாகிறது. பால்குடம் மட்டும் எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

இதே விஷயத்தைச் சில நாட்களுக்குப் பதிலாக ஆயுள் முழுக்கச் செய்தவர் நடனக் கலைஞர் சாந்தா பாஸ்கர் அம்மையார். 1955இல் கேரளாவிலிருந்து பதின்ம வயது மணப்பெண்ணாகச் சிங்கப்பூர் வந்தார். வந்தவர் பரதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1958இல், இருபது வயதுகூட ஆகாதபோது, வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள் என்ற சீனக் கதையைப் பரதத்தில் அமைத்தார். இன்று கேட்டால் சாதாரணமாக இருக்கும். அன்றைக்குச் சுற்றியிருந்த சீன, மலாய்க் கலைகளைக் கூர்ந்து கவனிக்காமல் அதைச் செய்திருக்க முடியாது. 1990இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 2022இல் அவர் மறைந்தபோது நடனப் பணி அறுபது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. அதே அடவுகள், அதே தட்டுக்கழி, ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரியான வாழ்க்கை என்று யாராவது சொல்லியிருக்கவும் கூடும்.

சரி, "பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து வருகிறவனிடம் போய் முனைப்பாக வாழு என்கிறீர்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். களைத்தவர் தூங்கட்டும். தூக்கத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் விரலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் அந்த ஒரு மணிநேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. அது ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. எல்லாவற்றிலும் முனைப்பு வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்படி இருப்பவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். ஏதாவது ஒன்றைப் பிடித்தால், மற்ற பலவற்றை விடத்தான் வேண்டியிருக்கும். பயணங்கள் குறையும். சில வாட்ஸ்அப் குழுக்கள் கோபித்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீணை கற்றுக்கொள்கிறேன். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடம். தந்தி தப்பை ஒளிக்காது, விரல் சறுக்கினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், வருகிறது. இரண்டாம் காலம் பரவாயில்லை. மூன்றாம் காலத்துக்கு விரல் இன்னும் ஒத்துழைக்கவில்லை. என்னைவிட ரொம்பச் சின்னவரான ஆசிரியர், "இன்னொரு தடவை வாசிங்க ஆன்ட்டி" என்கிறார். வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.