பல மரம் கண்ட தச்சன்

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, கோட்டைக்கு எதிரே இவ்வளவு நேரம் வெக்கையைப் பொறுத்து அமர்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"கலைஞருக்குப் பெருமை சேர்ப்பது ஒரு துறையில் ஆழ்வதா, பல துறைகளில் தோய்வதா?" என்னும் தலைப்பில், பல துறைகளில் தோய்வதே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்ற பழமொழியை மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை அதை மோகன ராகத்தில் பாடியதோடு, கோடரியை ஓங்கிய தச்சர் தயங்கி நிற்பதை நடித்தும் காட்டினார். ஒரே கலை போதும் என்று நிறுவுவதற்கு அவருக்கே பேச்சும் பாட்டும் நடிப்பும் தேவைப்பட்டதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்தத் தச்சரையே எடுத்துக்கொள்வோம். தெருக்கூத்துக்கு வேண்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் நம் பகுதியில் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். உறுதிதான் அளவுகோல் என்றால் தேக்கைத் தேடியிருப்பார்கள். ஆனால் விடிய விடியப் பாடிக்கொண்டே சுழன்றாடும் ஒருவரின் தலையிலும் தோளிலும் அந்தப் பாரத்தை ஏற்ற முடியாது என்பதால் எடை குறைந்த மரத்தைத் தேர்ந்தார்கள். செதுக்கிய கட்டையின்மேல் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பதும், ஆடுபவர் திரும்பும்போதெல்லாம் விளக்கொளி சிதறிக் கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகத்தான். ஆட்டம் தெரியாத தச்சருக்கு இந்த முடிவுகள் எட்டியிருக்குமா? பல மரம் கண்டதால்தான் அவர் சரியான மரத்தை வெட்டினார்.

எதிரணியின் மற்றொரு பேச்சாளர், இதோ கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைக் காட்டி, "அந்த யாளிகளைச் செதுக்கிய சிற்பி வீணையா பயின்றார்?" என்று கேட்டார், கைதட்டலும் பெற்றார். அவருக்கு விஷ்ணுதர்மோத்தரம் என்னும் பழைய வடமொழி நூல் பதில் வைத்திருக்கிறது. சிற்பம் கற்க விரும்பிய வச்சிரன் என்னும் அரசனிடம் மார்க்கண்டேயர், ஓவியம் அறியாமல் சிற்பம் வராது, நடனம் அறியாமல் ஓவியம் வராது, வாத்திய இசை அறியாமல் நடனம் வராது, வாய்ப்பாட்டு அறியாமல் வாத்தியம் வராது என்று படிப்படியாகப் பின்னோக்கி அழைத்துச் செல்கிறார். உளி பிடிக்க வந்த அரசன் பாட்டு வகுப்பில் போய் நிற்கிறான்.

அரசன் என்றதும் மகேந்திரவர்மன் நினைவுக்கு வருகிறான். ஏறத்தாழ 600 முதல் 630 வரை ஆண்ட இந்தப் பல்லவன், சோளிங்கருக்கு அருகில் மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதினான். ஓவியருள் புலி என்று பொருள்படும் சித்திரகாரப்புலி என்ற பட்டமும் சூடிக்கொண்டான். பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த மாமண்டூரில், குடைவரைச் சுவரில் சிதைந்து கிடக்கும் கல்வெட்டில் அந்த நாடகத்தின் பெயர் இன்றும் இருக்கிறது. நாடகத்தின் பெயரைக் கோயில் பாறை சுமந்து நிற்கிறது என்றால், அவன் காலத்தில் இவற்றுக்கு இடையே இன்று நாம் எழுப்பும் சுவர் இல்லை என்றுதானே பொருள்? செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமைப்படுவதையும், நான்கையும் அறிந்து விலக்கியவனின் பெருமை என்றே நான் படிக்கிறேன்.

ஆழம் வேண்டாம் என்பது எங்கள் அணியின் வாதமன்று. மத்தளத்தில் விரல் படிவதற்கு ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது. வாரத்துக்கொரு வகுப்பாக ஓடி ஐந்து சான்றிதழ்களைச் சட்டம்போட்டு மாட்டுவதைப் பல்துறைப் பயிற்சி என்று நானும் ஒப்பமாட்டேன். (பெற்றோர் சிலர் சிரிப்பது இங்கிருந்து தெரிகிறது.) ஆனால் சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றது ஆடல் ஒன்றையா? ஆடலோடு பாடலும் பயின்றாள். அவள் அரங்கேற்றத்துக்கு ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று இளங்கோவடிகள் ஒவ்வொருவரின் தகுதியையும் சொல்லும்போது, அடுத்தவர் கலை அறிந்திருப்பதையும் தகுதியாகவே வைக்கிறார்.

நிறைவாக, நம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கி கதை சொல்லுகிறார். இரவில் அதே கதையைக் கூத்தர்கள் ஆடுகிறார்கள். கடைசி நாள் காலையில், துரியோதனன் வீழும் போர்க்களக் காட்சியான படுகளம். வெட்டவெளியில் மண்ணைக் குழைத்து, பல ஆள் நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். இரவெல்லாம் ஆடிய வேடத்தோடு வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிப் பொருதுகிறார்கள். வீமனின் கதாயுதம் மண்தொடையில் விழ, அங்கிருந்து எடுத்த செந்நிறக் குழம்பைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அந்த மண்ணுருவைச் சமைத்தவருக்குக் கதையில் தொடை எப்போது பிளக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வேடமிட்டவர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருவார், கை எவ்வளவு ஓங்கும், கூட்டம் எங்கே நெருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவரைச் சிற்பி என்பீர்களா, கூத்தர் என்பீர்களா என்று எதிரணியினரைக் கேட்டு அமர்கிறேன்.