போன் வரும் காலைக்கு முன்பே

எல்லாருக்கும் வணக்கம். அகதிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன கொடுக்கலாம்?" என்பதுதான். துணி கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம், படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். எல்லாம் தேவைதான், செய்துகொண்டிருக்கிற யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு குடும்பத்தை நாடுகடத்தப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று காலையில் போன் வரும்போது துணிமூட்டை கைகொடுக்காது. அப்போது எத்தனை பேர் உடனே கிளம்பி வருவார்கள், வழக்கறிஞர் போனை எடுப்பாரா, அந்தத் தொகுதி எம்.பி. அமைச்சரிடம் பேசுவாரா என்பதெல்லாம் அந்தப் போன் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். ஆட்களைத் திரட்டி வைப்பது ஒரு திறமை, பழகினால் யாருக்கும் வரும், அதைப் பழகத்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் பிலோயிலா என்ற ஊரைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குயின்ஸ்லாந்தின் உள்பகுதியில் சில ஆயிரம் பேர் மட்டும் இருக்கிற சின்ன ஊர், பழமைவாதக் கட்சிக்கு ஓட்டு விழுகிற பகுதி. அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஈழத்தமிழரையும் அவர் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச்சில் விடிந்தும் விடியாத நேரத்தில் வந்து அதிகாரிகள் கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்டில் நாடுகடத்த விமானத்திலேயே ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து, டார்வினில் இறக்கினார்கள், அப்புறம் கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாம். 2022 ஜூனில்தான் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. இந்த நாலு வருஷத்துக்கு மேலாக விடாமல் நின்றவர்கள், அந்த ஊரில் அவர்களோடு பழகியவர்கள். அகதிக் கொள்கை சரியா தப்பா என்று அவர்கள் பேச்சைத் தொடங்கவில்லை. எங்கள் ஊர்க் குடும்பத்தை எங்கள் ஊருக்கே அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அகதிகள் வரக்கூடாது என்று நினைக்கிறவர் வாயிலிருந்தும் வரக்கூடிய கோரிக்கை அது, அதனால்தான் அது தேசம் முழுக்கப் போனது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2021 மே 13 அன்று, கென்மூர் தெருவில், இரண்டு இந்தியர்களைக் குடிவரவு அதிகாரிகள் வேனில் ஏற்றினார்கள். அதைத் தடுக்க வந்த ஒருவர் வேனுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள், கூட்டம் நூற்றுக்கணக்கில் ஆனது, ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்துப் போலீஸ் அந்த இருவரையும் விடுவித்தது. செய்தி பார்த்தவர்களுக்கு அது திடீரென்று நடந்த மாதிரி இருக்கும். ஆனால் அதே நகரத்தில் 2005-லேயே பள்ளி மாணவிகள் சிலர், தங்கள் தோழியைக் குடும்பத்தோடு பிடித்துப் போனதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடத்தியிருக்கிறார்கள். ஒரு ஊருக்கு இந்தப் பழக்கம் வர வருஷங்கள் ஆகும்.

சரி, எங்கே தொடங்குவது? ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவதில். 1952-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபிரெட் ராஸ் என்ற மக்களைத் திரட்டும் அமைப்பாளர் இப்படி ஆள் தேடிப் பேசிக்கொண்டிருந்தபோது கிடைத்தவர்தான் சீசர் சாவேஸ், பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தையே கட்டியவர். ராஸின் முறை ரொம்ப எளிமையானது: ஒரு வீட்டில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுவது, அவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தைத் தன் வீட்டில் வைப்பது. மேடை, மைக் எதுவும் வேண்டாம்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாத ஒரு அக்காவைப் பார்க்கப் போகிறீர்கள். போனதுமே அவர், "நான் கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டன் தம்பி, கேஸ் நடக்குது" என்கிறார். இங்கேதான் நம்மில் பலர் உரிமை, போராட்டம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். வேண்டாம். "சரி அக்கா, வரவேண்டாம். இப்ப எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. வாரா வாரம் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போக வேண்டியிருக்கிறது, அன்றைக்குச் சம்பளம் போய்விடுகிறது, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று அவர் சொல்வார். உங்களை மாதிரி அங்கே வருகிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று அடுத்துக் கேளுங்கள். வரிசையில் பார்த்துப் பழகியவர்கள் என்று ஏழெட்டுப் பேரைச் சொல்வார். நாம் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த தலைவி அவர்தான். அந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேரோடு நீங்கள் பேச முடியுமா என்று கேட்டு, என்றைக்கு என்று நாளும் குறித்துக்கொண்டுதான் எழுந்து வர வேண்டும். எதையும் கேட்காமல் எழுந்து வந்தால் அது நலம் விசாரிப்பு மட்டும்தான்.

அடுத்த வேலை, இதை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்று கண்டுபிடிப்பது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கத்திப் பிரயோஜனமில்லை. அவருடைய மேலதிகாரி யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அந்த ஆள் யார் பேச்சைக் கேட்பார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேலை கொடுக்கிற முதலாளியோ, தேவாலயப் பாதிரியாரோ, பள்ளித் தலைமையாசிரியரோ அந்தத் தாளில் வருவார்கள், நாம் நினைத்தே பார்க்காத கூட்டாளிகள். கோரிக்கையும் கையில் பிடிக்கிற அளவில் இருக்கட்டும்: வாரத்துக்கு ஒருமுறை என்பதை மாதம் ஒருமுறை ஆக்குங்கள், பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரத்தில் வரச் சொல்லுங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அது காகிதத்தில் எழுபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதை நிறைவேற்றச் சொல்லி நெருக்க ஆள் இருந்தால்தான் வேலை செய்யும்.

இதில் எனக்கு உறுத்தலான ஒன்று உண்டு. கூட்டம் உருக வேண்டும் என்பதற்காக, பட்ட சித்திரவதையை மேடையில் சொல்லச் சொல்கிறோம். அது கொடுமை, ஆபத்தும் கூட. மேடையில் சொன்னதற்கும் புகலிட நேர்காணலில் சொன்னதற்கும் ஒரு தேதி மாறியிருந்தாலே, நம்பத்தகாதவர் என்று கோரிக்கையை மறுக்க அதையே பிடித்துக்கொள்வார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் யாரையும் பேச வைக்காதீர்கள், சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள், வருகைப் பதிவில் விசா நிலை என்று ஒரு கட்டமே இருக்கக்கூடாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். முடிவெடுக்கிற கூட்டத்திலும் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் கூட்டம் போட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர்கள் வரவில்லையே என்று குறைப்படுவதில் நியாயமே இல்லை.

இப்போது பக்கத்தில் இருக்கிற, முன்பின் தெரியாத ஒருவரோடு ஜோடி சேருங்கள். இருபது நிமிடம். ஒருவர் கேளுங்கள், ஒருவர் பேசுங்கள், பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் குறிப்பெடுக்க வேண்டாம், போனை உள்ளே வைத்துவிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து, எதிரில் இருந்தவரிடம் கடைசியில் என்ன கேட்டீர்கள், அவர் எந்த நாளைச் சொன்னார் என்று மட்டும் சொன்னால் போதும்.