வீட்டுக்குள் ஓர் எழுத்துக் குடில்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு வீடு, ஜன்னலைத் திறந்தால் ஏரி, பத்து நாளைக்கு யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். இது மட்டும் கிடைத்தால் மனதில் இருக்கிற கதையை எழுதி முடித்துவிடலாம் என்ற ஏக்கம் எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் நமக்கு என்ன தருகின்றன என்று கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மெக்டவல் என்றோர் உறைவிடம், 1907இல் தொடங்கியது. எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக் கலைஞர்கள் அங்கே தங்கி வேலை செய்கிறார்கள். மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு தனி வீடு. மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த இடத்தின் சிறப்பு மரங்களைவிட அந்தக் கூடையில்தான் இருக்கிறது. எழுதுகிறவரின் சில மணி நேரத்தை மற்றவர்கள் காவல் காக்கிறார்கள். வீட்டில் நாம் உருவாக்க வேண்டியதும் இதைத்தான்.

அதனால் மேசை வாங்குவதற்கு முன் வீட்டாரிடம் பேசுங்கள். "நான் எழுதும்போது தொந்தரவு செய்யாதீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. காலை ஆறிலிருந்து எட்டு வரை என்று நேரத்தைச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் குழந்தைகள்கூடக் காத்திருப்பார்கள்.

கதை எழுத ஒரு பெண்ணுக்குப் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதினார் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப். இன்றைக்கு அறை கிடைத்த பெண்களுக்கும் மனம் காலியாகக் கிடைப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும், அடுப்பில் என்ன இருக்கிறது, யாருக்கு மருந்து கொடுக்க வேண்டும், துணி காய்ந்துவிட்டதா என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவை மூடினால் மட்டும் அது நிற்காது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டுப் பொறுப்பு முழுவதும் இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். இடையில் வந்து "சர்க்கரை எங்கே?" என்று கேட்காத அளவுக்குப் போக வேண்டும். வீட்டில் எழுதுகிற பெண் ஒருவர் இருந்தால், அவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். பேனா, நோட்டெல்லாம் அப்புறம்.

சரி, இடம்? அதற்கு அதிகம் தேவையில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் எழுதிய மேசை மிகச் சிறியது. அவர் வீட்டில் ஒரு கதவு கிரீச்சிடுமாம். யாராவது வந்தால் முன்கூட்டியே தெரியும் என்பதால் அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவருடைய அண்ணன் மகன் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலூ சொந்த வீடு இருந்தும் எழுதுவதற்கென்று ஒரு ஹோட்டல் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்வார். சுவரில் இருக்கிற படங்களைக் கழற்றிவிடச் சொல்வார். அழகான மூலையைவிட வெறுமையான மூலை நல்லது என்பது என் எண்ணமும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள், செய்தி படிக்காதீர்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். எழுதும்போது ஏதாவது தகவல் தேவைப்பட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

உட்கார்ந்ததும் முதல் கால் மணி நேரம் கஷ்டம்தான். கட்ட மறந்த பில், பதில் போடாத கடிதம் எல்லாம் அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொண்டு அவற்றை எழுதிவிடுங்கள்; தாளில் ஏறியதும் மனம் அவற்றை விட்டுவிடும். எழுந்து மட்டும் போகாதீர்கள். உத்வேகம் வந்த பிறகு உட்காரலாம் என்று நினைப்பவர்கள் உட்காருவதே இல்லை. மோசமான பத்து வரிகளுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் ஒரு நல்ல வரி வருகிறது. அந்தப் பத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிகிற இடத்திலேயே அன்றைய வேலையை நிறுத்திக்கொள்வது அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் வழக்கம். வீட்டில் எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். நேரம் முடிந்து எழுந்திருக்கும்போது நாளைய முதல் வாக்கியம் கையில் இருக்கும்.

தினமும் முடியாதவர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சமையலையும் கடை வேலையையும் முடித்துவிடுங்கள். ஓர் அத்தியாயம் என்று திட்டமிடாமல், ஒரு காட்சி, ஒரு கடிதம், ஒரு நினைவு என்று சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வெளியே வந்து, எவ்வளவு எழுதினேன் என்ற கணக்கை யாருக்கும் ஒப்பிக்க வேண்டாம். அடுத்த வாரமும் இதே நேரம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.