மெக்கர் காட்டும் அளவை எப்படிப் படிப்பது?

[காட்சி: இரட்டைக் கம்பத்தில் 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர். அதன் ஓரத்தில் தொங்கும் பிரீதரை (உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குடுவையை) நோக்கி கேமரா நகர்கிறது.]

வணக்கம். இந்தக் குடுவைக்குள் இருக்கும் சிலிகா ஜெல் மணிகளைப் பாருங்கள். நீலமாக இருந்தவை இளஞ்சிவப்பாகிவிட்டன. இனி இவற்றால் ஈரத்தை உறிஞ்ச முடியாது. மாலையில் ஊரே விளக்குப் போடும்போது லோடு ஏறுகிறது, எண்ணெய் சூடாகி விரிகிறது, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. நள்ளிரவுக்குப் பின் எண்ணெய் குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று உள்ளே போகிறது. ஐப்பசி அடைமழையில் அந்தக் காற்று எவ்வளவு ஈரத்தைச் சுமந்துகொண்டு போகும்!

11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் இந்தத் தொட்டிக்குள் முக்கியமான காப்பு, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் பொருள், இரண்டு: சுருள்களைச் சுற்றிய காகிதம், அது மூழ்கிக் கிடக்கும் எண்ணெய். இரண்டுக்கும் ஈரம்தான் பெரிய பகை. ஈரம் காப்பின் மின்தடையைக் குறைக்கும்; அந்த மின்தடையை அளக்கும் கருவிதான் மெக்கர்.

[காட்சி: லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) பெற்று, ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறக்கப்பட்டு, எர்த் ராடு (கம்பிகளை மண்ணோடு இணைக்கும் கோல்) மாட்டப்படுகிறது.]

இந்த ஏற்பாடுகள் முடியும்வரை மெக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு எச்.டி. (11 கிலோவோல்ட் உயரழுத்தம்), எல்.டி. (433 வோல்ட் தாழ்வழுத்தம்) இணைப்புகளையும் இடிதாங்கிகளின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். எல்.டி. பக்கத்தின் பொது முனையான நியூட்ரலை எர்த்திலிருந்து (மண்ணிணைப்பிலிருந்து) கழற்ற மறந்தால் எல்.டி. அளவு பூஜ்யம் காட்டும்; நல்ல டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது என்று எழுதிவிடுவோம்.

எச்.டி. புஷ்ஷிங் (பீங்கான் காப்பு வழியாக வெளியே வரும் முனை) மூன்றையும் ஒரு கம்பியால் இணையுங்கள். எல்.டி. பக்கம் நியூட்ரலோடு சேர்த்து நான்கையும் இணையுங்கள். எச்.டி.க்கும் தொட்டிக்கும் இடையே, எல்.டி.க்கும் தொட்டிக்கும் இடையே, பிறகு எச்.டி.க்கும் எல்.டி.க்கும் இடையே என்று மூன்று அளவுகள். எச்.டி. சம்பந்தப்பட்ட அளவுகளுக்கு 2500 வோல்ட், எல்.டி.க்கு 500 வோல்ட் என்பது வழக்கம்.

[காட்சி: மிக அருகில், புஷ்ஷிங்கின் பீங்கான் மடிப்புகளில் படிந்த புழுதி. ஒரு கை உலர்ந்த துணியால் துடைக்கிறது.]

இந்தத் துடைப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பனி இறங்கிய காலையில் புழுதியே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். நாம் அளக்க வந்தது உள்ளே இருக்கும் காகிதத்தை. துடைக்காமல் அளந்தால் வெளியே இருக்கும் அழுக்கின் அளவுதான் கிடைக்கும்.

[காட்சி: மெக்கரின் முள் மெல்ல ஏறுகிறது.]

பொத்தானை அழுத்தியதும் முள் கீழே நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சுருளும் தொட்டியும் மின்தேக்கிபோல் நிரம்புவது ஒரு காரணம். காப்புப் பொருள் மின் அழுத்தத்துக்கு மெதுவாக இணங்குவது இன்னொன்று. 15 வினாடியில் ஓர் அளவு, 60 வினாடியில் ஓர் அளவு எடுங்கள். காப்பு உலர்ந்திருந்தால் இரண்டாவது எண் நன்றாக ஏறியிருக்கும். ஈரமானதில் முள் கிளம்பிய இடத்திலேயே தயங்கி நிற்கும்.

அளவுக்குப் பக்கத்தில் எண்ணெயின் வெப்பநிலையையும் எழுதுங்கள். சுமார் 10 டிகிரி கூடினால் மின்தடை பாதியாகும் என்பது களக்கணக்கு. 30 டிகிரியில் 800 மெகாஓம் காட்டிய அதே டிரான்ஸ்ஃபார்மர் 50 டிகிரியில் 200 காட்டலாம், அது கெட்டுப்போகவில்லை. வெப்பநிலை இல்லாத மெக்கர் பதிவை நான் பதிவாகவே மதிப்பதில்லை. சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிட அதை வைத்து என்ன செய்வது?

மெக்கருக்குத் தெரியாதவையும் உண்டு. ஒரே சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் மெக்கர் அதைக் காட்டாது. அதற்கு மின்னழுத்த விகிதச் சோதனை வேண்டும்.

[காட்சி: அடி வால்விலிருந்து எண்ணெய் மாதிரி எடுக்கப்படுகிறது.]

எண்ணெயைத் தனியாகச் சோதிக்க வேண்டும். முதலில் வருவதைக் கொட்டிவிட்டு, உலர்ந்த சுத்தமான புட்டியில் பிடியுங்கள். சோதனைக் கிண்ணத்தில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெய் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்று ஆறு முறை பார்த்து, சராசரி எடுப்பார்கள். பயன்பாட்டில் இருக்கும் எண்ணெய் 30 கிலோவோல்ட்டாவது தாங்க வேண்டும்.

தாங்கவில்லை என்றால் எண்ணெயை வடிகட்டுவார்கள், எண் உயரும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். உள்ளே இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி காகிதத்தில் தங்கியிருக்கிறது. சில வாரங்களில் அது மறுபடி எண்ணெய்க்குள் கசிந்து வரும். அதனால் வடிகட்டியதோடு விடாமல், சில வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுங்கள். சுருளைச் சூடாக்கி உலர்த்த வேண்டுமா என்பது அப்போது தெரியும்.

[காட்சி: மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு எச்.டி. முனையைத் தொடுகிறது.]

மெக்கரை நிறுத்திய பிறகும் சுருளில் மின்னூட்டம் இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், ராடை வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நியூட்ரல் நட்டை இறுக்கியதும் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால், சுவிட்சைப் போட்டதும் ஊரில் சில வீடுகளில் விளக்கு மங்கும், சில வீடுகளில் டிவி கருகும்.