ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் சட்டை போடறது: குரூப் தெரபியில என்ன நடக்குது?

வணக்கம். ஸ்ட்ரோக் வந்தவங்களை 4, 5 பேரா ஒண்ணா உட்கார வெச்சு சட்டை போடறது, தலை வாரறது, காய் நறுக்கறதுன்னு பழக்குவாங்க இல்லையா, இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

இந்த மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு. அவங்க எவ்வளவு பொறுமையா செஞ்சு காட்டினாலும், இவங்களால முடியும், நம்மால முடியுமாங்கற எண்ணம் வரத்தான் செய்யும். பக்கத்து நாற்காலிக்காரர் ஒத்தைக் கையால பட்டன் மாட்டறதைப் பார்க்கும்போது அந்தச் சாக்கு நிக்காது. குரூப்போட பலமே இதுதான்.

இப்ப சட்டை போடறதைப் பாருங்க. கைப்பிடி வெச்ச, ஆடாத நாற்காலி. ரெண்டு பாதமும் தரையில நல்லா பதிஞ்சிருக்கணும். சட்டையை மடியில விரிச்சு, வராத கையோட, அதாவது ஸ்ட்ரோக்கால பாதிச்ச கையோட ஸ்லீவை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தொங்க விடுங்க. கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு, நல்ல கையால வராத கையை அதுக்குள்ள இறக்குங்க. அப்புறம் துணியை மேல இழுங்க... முழங்கை தாண்டி, தோள் வரைக்கும். முக்கால்வாசிப் பேர் முழங்கைக்குக் கீழயே விட்டுடறாங்க. அதனாலதான் காலரை முதுகுப் பக்கமா சுத்திக் கொண்டுவரும்போது ஸ்லீவ் வழுக்கி இறங்கிடுது, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. நல்ல கையைக் கடைசியாதான் நுழைக்கணும். கழட்டும்போது நேர் எதிர், நல்ல கைதான் முதல்ல வெளிய வரணும்.

பட்டனைக் கீழ இருந்து மேல போடுங்க. கீழ் பட்டன் கண்ணுக்குத் தெரியும், மாத்திப் போட மாட்டீங்க. நல்ல கையோட மணிக்கட்டு பட்டன்தான் பெரிய தலைவலி, அதைப் போட இன்னொரு கை வராதே! எலாஸ்டிக் நூலால அந்த பட்டனைத் தெச்சு முன்னாடியே மாட்டி வெச்சிட்டா, கை அப்படியே உள்ள போயிடும்.

எல்லாருக்கும் குரூப் ஒத்துக்குமான்னா, இல்லை. பேச்சு பாதிச்சவங்களுக்கு நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணுமே பிடிபடாது. சொல்றதை ஒவ்வொண்ணா, சின்னச் சின்ன வாக்கியமா சொல்லணும், கையால காட்டணும். மூளையோட வலது பக்கம் பாதிச்ச சிலருக்கு இடது பக்கம் ஒண்ணு இருக்குங்கறதே கவனத்துல இருக்காது. இடது ஸ்லீவ் தொங்கிட்டே இருக்கும், அவங்க சட்டை போட்டாச்சுன்னு உட்கார்ந்திருப்பாங்க. இதைப் பார்த்து மத்தவங்க சிரிச்சுட்டா அடுத்த தடவை வர மாட்டாங்க. அதே மாதிரி, சிலருக்குக் காரணமே இல்லாம திடீர்னு அழுகையோ சிரிப்போ பொத்துக்கிட்டு வரும். அதுவும் மூளை பாதிப்புதான்னு ஆரம்பத்துலயே எல்லாருக்கும் சொல்லிடணும், இல்லேன்னா பக்கத்துல இருக்கறவங்க பயந்துடுவாங்க.

ஒப்பிட்டுப் பார்க்கறது ரெண்டு பக்கமும் வெட்டும். லேசா பாதிச்சவர் 3 நிமிஷத்துல முடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா, 20 நிமிஷமா போராடறவருக்கு மனசு விட்டுப்போகும். ஏறக்குறைய ஒரே நிலையில இருக்கறவங்களைச் சேர்க்கறது நல்லது. களைப்பும் பெரிய விஷயம், தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. 45 நிமிஷம், நடுவுல ஓய்வு, அதுவும் காலை வேளையில வெச்சா தாங்குவாங்க.

இதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் காணாமப் போயிடுது. ஏன்னா, லேட்டாகுதுன்னு வீட்டுல இருக்கறவங்களே மாட்டி விட்டுடறாங்க. காலையில அரை மணி நேரம் முன்னாடியே ஆரம்பிங்க, நீங்க கையைக் கட்டிட்டுப் பக்கத்துல நில்லுங்க. எழுப்பி விடும்போது வராத கையைப் பிடிச்சு மட்டும் இழுக்காதீங்க, தோள் மூட்டு நழுவிடலாம்.

குரூப்ல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க. குளியலும் டாய்லெட்டும் தனியாதானே பழக்கறீங்க? சமைச்சதைச் சாப்பிட வைக்கறதுக்கு முன்னாடி, விழுங்கறது சரியா இருக்கான்னு ஒவ்வொருத்தருக்கும் பார்த்தாச்சா?