நிக்கோடிமஸ் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். நான் சொல்ல நினைத்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி வசித்தவர்கள் 14 பேர். இங்கே நிலையத்து வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணினால் அதைவிடக் கூடுதலாகத் தேறும்.

ஊரின் பெயர் நிக்கோடிமஸ். கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் இருக்கிறது. வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் அந்த மாநிலத்தில் இருந்தேன். ஒரு ஜூலைக் கடைசியில் அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று 24ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே காரை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கோதுமைத் தாள். மற்றபடி வானம்தான். ஊரைத் தேடிக்கொண்டே போய், ஊரைத் தாண்டி நாலு மைல் போய்விட்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கம் பிறகு போய்விட்டது. ஏனென்றால் எனக்கு 140 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண்மணிக்கு இதே கதை நடந்திருக்கிறது. அவர் பெயர் வில்லியானா ஹிக்மன். கென்டக்கியில் அடிமை முறையைக் கண்டு வளர்ந்த கறுப்பினத்தவர். கணவர் மத போதகர். 1878 வசந்தத்தில் இருவரும் பிள்ளைகளோடும் ஊர்க்காரர்களோடும் ரயிலேறி, கேன்சஸில் எல்லிஸ் என்ற நிலையத்தில் இறங்கினார்கள். அங்கே கூட்டத்தில் அம்மை பரவி, குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். அடக்கம் செய்துவிட்டு, மிச்சமிருந்தவர்கள் சாலையே இல்லாத புல்வெளியில் இரண்டு நாள் வழி நடந்தார்கள். ஹிக்மனுக்கும் உடம்பு சரியில்லை. திடீரென்று ஆண்கள், அதோ நிக்கோடிமஸ் என்று கத்தினார்கள். அந்த அம்மாள் கண்ணை அகல விரித்துப் பார்த்தார். எங்கே நிக்கோடிமஸ், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். கணவர் கையை நீட்டிக் காட்டினார். தரையிலிருந்து அங்கங்கே புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அதுதான் நிக்கோடிமஸ் என்றார்.

தான் அழத் தொடங்கிவிட்டதாக அந்த அம்மாளே முதுமையில் ஒரு பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்.

புகை ஏன் தரையிலிருந்து வந்தது? ஊர் தரைக்குக் கீழே இருந்ததுதான் காரணம். அந்தப் பகுதியில் வீடு கட்ட மரம் கிடையாது. ஆற்றங்கரையில் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். அதனால் வந்தவர்கள் மேட்டுச் சரிவைப் பார்த்துக் குடைந்தார்கள். மூன்று பக்கம் மண்ணே சுவர். முன்பக்கத்துக்குப் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல் போல அடுக்கினார்கள். மேலே கம்புகள், கம்புகளின் மேல் சருகும் புல்லும், அதற்கும் மேல் மண். ஒரு மூலையில் அடுப்பு, அதற்கு ஒரு புகைப்போக்கி. எரிக்க விறகு இல்லாததால், சூரியகாந்தித் தட்டையும் காட்டெருமைகள் விட்டுப்போன காய்ந்த சாணமும்தான் எரிபொருள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். ஒரு குடும்பம் முழுக்க அந்தக் குழியில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். கேன்சஸ் குளிர் எனக்குத் தெரியும். ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் புலம்பியிருக்கிறேன்.

இவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 1877இல் தென் மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, பழைய எசமானர்களின் கை மறுபடியும் ஓங்கிவிட்டது. மேற்கிலோ 1862இல் வந்த சட்டப்படி 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பாடுபட்டால் அது சொந்தமாகும். இந்த நேரத்தில்தான் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்காரரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவரும், இன்னும் சிலரும் சேர்ந்து நிக்கோடிமஸ் என்ற ஊரை அறிவித்து, கென்டக்கி முழுக்கத் துண்டுப் பிரசுரம் விட்டார்கள். வளமான மண், நல்ல தண்ணீர், எதிர்காலம் பிரகாசம். மனை விளம்பரங்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. 1877 செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். புல்லையும் காற்றையும் பார்த்துவிட்டுப் பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பின. மீதிப் பேர் திரும்பிப் போகக் காசில்லாமலோ மனமில்லாமலோ தங்கிவிட்டார்கள்.

உழுவதற்கு மாடும் குதிரையும் போதவில்லை. மண்வெட்டியாலும் கொத்தாலும்தான் கிளறினார்கள். முதல் குளிர்காலத்தில் பட்டினி நெருங்கியபோது, வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பூர்வகுடி மக்கள் உணவு கொடுத்துப் போனதாக ஊர்க்காரர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அந்த ஓசேஜ் மக்களே சில வருடங்களுக்கு முன் கேன்சஸில் இருந்த தங்கள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். இதை அந்த ஊரில் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனதில் தைத்துவிட்டது.

பிறகு ஊர் எழுந்து நின்றது. 1880களின் நடுவில் கடைகள், ஓட்டல், தேவாலயங்கள், பள்ளிக்கூடம், இரண்டு செய்தித்தாள்கள்கூட இருந்தன. அந்தக் குடியேற்றத்தில் வந்து சேர்ந்த எட்வர்ட் மெக்கேப் என்பவர் 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநில அளவில் அப்படி ஒரு பதவிக்கு அங்கே ஒரு கறுப்பினத்தவர் வந்தது அதுவே முதல் தடவை. அடிமை முறை ஒழிந்து 17 வருடம்தான் ஆகியிருந்தது.

ரயில் மட்டும் வந்திருந்தால் என்று இன்றும் பேசுகிறார்கள். 1887இல் ரயில் பாதை வர வேண்டும் என்பதற்காக 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரே வாக்களித்தது. ஆனால் அந்தப் பாதை வரவில்லை. வேறொரு நிறுவனத்தின் பாதை வந்தது, சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆறு மைல் தள்ளி. அங்கே போக் என்று ஒரு புது ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். அப்புறம் 1930களின் புழுதிப் புயலும் பொருளாதார மந்தமும். 1953இல் தபால் நிலையம் மூடப்பட்டது, 1960இல் பள்ளிக்கூடம்.

இப்படி ரயிலால் கைவிடப்பட்டு அழிந்த ஊர்கள் மேற்கு கேன்சஸில் ஏராளம். அவற்றின் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. நிக்கோடிமஸ் மட்டும் ஏன் நிற்கிறது? 1996இல் அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்து, ஐந்து பழைய கட்டடங்களைக் கணக்கில் எடுத்ததால் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அரசு வருவதற்கு நூறு வருடம் முன்பிருந்தே அங்கே ஒரு விழா நடந்துகொண்டிருக்கிறது. ஹோம்கமிங் என்கிறார்கள். வெளியூர் போனவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருவார்கள் இல்லையா, அதேதான். ஜூலைக் கடைசி வார இறுதியில் டென்வரிலிருந்து, கலிஃபோர்னியாவிலிருந்து, கேன்சஸ் சிட்டியிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறார்கள்.

தேதியிலும் ஒரு சங்கதி உண்டு. முதலில் அது விடுதலை விழா. 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டனின் கரீபியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாளை, அமெரிக்கக் கறுப்பின மக்களும் கொண்டாடிவந்தார்கள். யாருக்கோ கிடைத்த விடுதலை, தங்களுக்கும் வரும் என்ற நம்பிக்கை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு கரும்புத் தோட்டங்களில் ஆள் இல்லாமல் போனதால்தான் நம் ஊர்களிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினார்கள் என்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நான் போனது அந்த வார இறுதிதான். 1939இல் கட்டிய சுண்ணாம்புக்கல் ஊர் மண்டபத்துக்குள் மடக்கு மேசைகளைப் போட்டுப் புகைப்படங்களைப் பரப்பியிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சண்டை: இது உங்கள் பெரியப்பா இல்லை, எங்கள் தாத்தாவின் தம்பி. வெளியே இறைச்சி வாட்டும் புகை. ஒரு பக்கம் விரல் சூப்பும் பிள்ளைகள், இன்னொரு பக்கம் தொப்பி போட்ட கிழவர்கள். 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறைக் குழு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் வெரில் ஸ்விட்சர் பற்றி ஒருவர் பெருமையாகச் சொன்னார். இந்த மண்ணில் பிறந்த பையன், பெரிய ஆளான பிறகும் தன் கோதுமை நிலத்தை விடவில்லை என்றார். கால்பந்தைவிடக் கோதுமையைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உயர்ந்தது.

என்னைப் பார்த்த ஒரு மூதாட்டி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் யார் வீடும் இல்லை பாட்டி, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அப்படியானால் வா என்று மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரப் புல். கைத்தடியை நீட்டினார். அதோ அங்கேதான் தபால் ஆபீஸ், அதற்குப் பக்கத்தில் எங்கள் அத்தை வீடு, வாசலில் ஒரு மல்பெரி மரம், அந்தத் திருப்பத்தில் கடை, கடைக்காரர் மிட்டாய்க்குக் காசு வாங்க மாட்டார். நான் கைத்தடி போன பக்கமெல்லாம் பார்த்தேன். காற்றில் புல் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது.

தெரிகிறதா என்றார்.

தெரிகிறது பாட்டி என்றேன்.

பொய் சொல்லாதே என்று சிரித்துவிட்டு, கைத்தடியை மறுபடியும் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து காட்டத் தொடங்கினார்.

வணக்கம்.